நனைந்த கல்யாணங்கள்

தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா முதலில் சிடி பெட்டிகளைத்தான் தூக்கினார். அரிசி மூட்டையை அம்மா தூக்கினாள். நான் என்னை நானே கட்டில்மேல் ஏற்றிக்கொண்டேன். எனக்கு அப்போது பத்து வயது. விழுப்புரத்தில் எங்கள் தெரு இருக்குமிடம் ஒரு காலத்தில் ஏரி என்று சொல்வார்கள். அந்த வருட மழையில் ஒரு விடிகாலை, மறுபடியும் ஏரியாகிவிட்டது.

அப்பா கல்யாண வீடியோ எடுப்பவர். மயிலம் மலைக்கோயில் முகூர்த்தங்கள், திண்டிவனத்து மண்டபங்கள், செஞ்சிப் பக்கத்துக் கிராமங்கள் என்று எங்கே மேளம் கொட்டினாலும் அப்பாவின் கேமரா அங்கே இருக்கும். வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. எடுத்த கல்யாணம் ஒவ்வொன்றிலும் ஒரு சிடி தனக்கென்று போட்டு வைத்துக்கொள்வார். கல்யாணம் முடிந்து சில வருடங்கள் கழித்து, பிறந்த குழந்தை தங்கள் சிடியைத் தரையில் தேய்த்து விளையாடிவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஜோடிகள் வருவார்கள். அப்பா உள்ளே போய், அவர்களுடைய கல்யாணத்தை எடுத்து வந்து இன்னொரு பிரதி போட்டுக் கொடுப்பார். ஊரிலுள்ள பாதிப் பேருடைய கல்யாணம் எங்கள் வீட்டில்தான் பத்திரமாக இருந்தது.

அவற்றை அடுக்குவதில்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தீராத வழக்கு. முதலில் அப்பா மாதவாரியாக வைத்திருந்தார். வருகிறவர்கள் யாருக்கும் தங்கள் கல்யாணம் நடந்த மாதம் உடனே நினைவுக்கு வரவில்லை. அதனால் பெண்ணின் ஊர்வாரியாக மாற்றினார். பெண் போய் வாழ்கிற ஊரை விட்டுவிட்டு, அவள் விட்டுவந்த ஊரில் அவளை வைத்தால் எப்படித் தேடுவது என்று அம்மா கேட்பாள். அப்பா சிரித்துக்கொண்டே சிடி அடுக்கிய ஆப்பிள் அட்டைப்பெட்டிகளின்மேல் மார்க்கரில் ஊர்ப்பெயர்களை எழுதிக்கொண்டிருப்பார். மயிலத்துப் பெண்களுக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய பெட்டி. அம்மாவின் ஊரும் மயிலத்தை ஒட்டித்தான்.

இத்தனை கல்யாணம் இருந்த வீட்டில் அப்பா அம்மா கல்யாணம் மட்டும் இல்லை. ஒருநாள் கேட்டேன். மாப்பிள்ளையே கேமராவும் பிடித்தால் தாலியை யார் கட்டுவது என்று அப்பா திருப்பிக் கேட்டார். அது எனக்கு மிகச் சரியான பதிலாகத் தோன்றியது.

பிரதி கேட்டு வருகிறவர்களில் சேராத ஒருவரும் வருவார். செஞ்சிப் பக்கம் அனந்தபுரத்து அத்தை. அம்மா அவரை அத்தை என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். நெடுநெடுவென்று இருப்பார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே குரல் தெருமுனையில் கேட்கும். வருடத்தில் ஓரிரு முறை ஒரு பை நிறைய மல்லாட்டையோடு வருவார். அவர் வந்தால் என்னைக் கடைக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்து பார்த்தால் முன்னறைக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே கல்யாணப் பாட்டு ஓடும். அவர் மகளுடைய கல்யாணமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மகள் ஏன் ஒருமுறையும் கூட வரவில்லை என்று யோசிக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் வீடு முழுக்கச் சேற்று நாற்றம். மேலே வைத்த பெட்டிகள் தப்பின. கீழ் வரிசைப் பெட்டிகள் ஊறி, அடி பிய்ந்து, சிடிகள் பேப்பர் உறையோடு கட்டிக்கட்டியாக ஒட்டிக்கிடந்தன. கரண்ட் இல்லை. மாடியில் தகரக் கொட்டகையின் கீழ் வேட்டிகளை விரித்து, மூன்று பேரும் கல்யாணங்களைக் கழுவ உட்கார்ந்தோம். பெரிய குண்டானில் ஷாம்பு கலந்த தண்ணீர், பக்கத்துக் குண்டானில் நல்ல தண்ணீர். விரல் படாமல் ஓரத்தில் பிடிக்கவேண்டும், நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்கவேண்டும், சுற்றிச்சுற்றித் துடைத்தால் கோடு விழும், வெயிலில் வைக்கக்கூடாது என்று அப்பா எங்களுக்குப் பாடம் எடுத்தார். பூஞ்சை வராமலிருக்க நடுநடுவே வேப்பிலை வைக்கலாமே என்றாள் அம்மா. அப்பா கும்பிடு போட்டார்.

சிலவற்றில் வெள்ளிப் பூச்சு தோல் மாதிரி உரிந்து வந்தது. அப்படி உரிந்த ஒன்றை அப்பா வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அதன் வழியே வானம் தெரிந்தது. அது யாருடைய கல்யாணம் என்று நான் கேட்டபோது அதைத் தனியாக ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

மயிலம் பெட்டியை அப்பா தன் பக்கத்திலேயே வைத்திருந்தார். நான் கை நீட்டினால், அதை அவர் பார்த்துக்கொள்வார் என்று அம்மா தடுத்தாள். இரண்டாம் நாள் யாரோ கீழேயிருந்து கூப்பிட அப்பா இறங்கிப் போனார். அம்மா தண்ணீர் மாற்றப் போனாள். என் முன்னால் இருந்த சிடிகள் தீர்ந்திருந்தன. நல்ல பிள்ளையாக மயிலம் பெட்டியிலிருந்து ஒரு சிடிக் கட்டை எடுத்துப் பிரித்தேன்.

அந்தக் கட்டின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதன் முகப்பில் ஜோடியின் படம். எல்லா ஜோடிகளையும்போல இவர்களும் பனிமலைக்கு முன்னால் நின்றார்கள், சுற்றிலும் ரோஜாப்பூ. மாப்பிள்ளை ஒல்லியாக, பல் தெரியச் சிரிக்கிற ஒருவர். அவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் மணப்பெண்ணாக நின்றவள் என் அம்மா.

முதலில் நான் பயப்படவில்லை. மயிலத்து ஜோடியைத் தாஜ்மகால் முன்னால் நிறுத்தத் தெரிந்த அப்பாவுக்கு, அம்மாவை யாரோ ஒருவர் பக்கத்தில் நிறுத்துவது பெரிய காரியமில்லை. கம்ப்யூட்டரில் விளையாட்டாகச் செய்திருப்பார் என்றுதான் நினைத்தேன். பிறகு கீழே பொன்னிற எழுத்தைப் படித்தேன். அம்மாவின் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் நான் கேள்விப்பட்டேயிராத ஒரு பெயர். மாடிப்படியில் அம்மாவின் காலடி கேட்டதும் டப்பாவைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அதன்பிறகு அந்த டப்பா என் ஸ்கூல் பையில் இருந்தது. கரண்ட் வராததால் போட்டுப் பார்க்க வழியில்லை. படத்தை மட்டும் பார்த்தேன். குளியலறைக் கண்ணாடியில் என் முகத்தையும் அந்த மனிதர் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கும் சிரித்தால் பல் தெரியும். அது போதுமானதாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்பா அம்மா கல்யாண சிடி இல்லாததற்கு வேறு காரணம் இருக்கிறது. இந்த ஆள்தான் என் அப்பா. இத்தனை நாள் நான் அப்பா என்று கூப்பிட்டவர் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வந்தவர். இதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. தலையில் கை வைத்துக் காய்ச்சலா என்று அப்பா கேட்டபோது, அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் அசையாமல் நின்றேன்.

வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அப்பா மயிலம் பெட்டியைத் திரும்பத் திரும்பக் கலைத்தார். ஒட்டிக்கிடந்த கட்டுகளைப் பிரித்தார். மற்ற ஊர்ப் பெட்டிகளையும் கவிழ்த்தார். அம்மா பின்னாலேயே நின்றாள்.

"நல்லா பாத்தீங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எங்கியாவது ஒட்டிக்கினு இருக்கும். இரு."

எதைத் தேடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அவர்கள் தேடத் தேட, நான் நினைத்தது உண்மைதான் என்று எனக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. சும்மா விளையாட்டுக்குச் செய்த படத்தை யாராவது இப்படித் தேடுவார்களா?

கரண்ட் வந்த மறுநாள் அனந்தபுரத்து அத்தை வந்தார். இந்த முறை மல்லாட்டைப் பை இல்லை. மழையில் அவருடைய மல்லாட்டைக் கொல்லையும் போய்விட்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, தண்ணி எதுவரைக்கும் வந்தது என்று கேட்டார். அம்மா சுவரில் படிந்திருந்த சேற்றுக்கோட்டைக் காட்டினாள். அத்தை அதைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"போயிடுச்சா தம்பி?"

தேடிக்கொண்டிருப்பதாகவும் கிடைத்துவிடும் என்றும் அப்பா சொன்னார். அத்தை சரி சரி என்று தலையாட்டினார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நிற்கவும் முடியாதவர்போல் கதவைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் தெருவுக்கே கேட்கிற குரல் அன்று பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பேச்சை மாற்றவேண்டும் என்றோ என்னவோ, என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "எம் பேத்தி எளச்சிப்போயிட்டாளே" என்றார்.

பேத்தி என்று அவர் அதற்கு முன்பும் கூப்பிட்டிருக்கிறார். வயதான பெண்கள் எல்லாப் பிள்ளைகளையும் அப்படிக் கூப்பிடுவதுதான். அன்று அந்தச் சொல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பிடியிலிருந்து விலகி முகத்தைப் பார்த்தேன். அதே பல்வரிசை. உள்ளே ஓடிப்போய் ஸ்கூல் பையிலிருந்து டப்பாவை எடுத்து வந்து, மூன்று பேருக்கும் நடுவில் நீட்டினேன்.

"இவருதான் எங்கப்பாவா?"

அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். என்னால் அம்மாவைப் பார்க்க முடியவில்லை. அப்பாவைப் பார்த்தேன். என் மனதில் அன்று பதிந்த அவர் முகம் இன்னும் போகவில்லை. கோபமோ வருத்தமோ இல்லை. யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டு ஓடிப்போனால், திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு முகம் இருக்குமே, அப்படி இருந்தது.

பதில் சொன்னது அத்தைதான். டப்பாவை என்னிடமிருந்து வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"இல்லடி கண்ணு. இவன் எம் புள்ள. கல்யாணமாயி மூணாம் மாசமே போயிட்டான். நீ பொறந்தது அதுக்கப்புறம் எவ்ளோ நாளு கழிச்சி. இந்தத் தம்பிக்குத்தான் பொறந்த. மூக்கப் பாரு, அப்பிடியே வச்சிருக்குது."

நான் அழ ஆரம்பித்தேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். தூக்குகிற வயது தாண்டியிருந்தாலும் தூக்கிக்கொண்டார்.

மீதியை அம்மா சொன்னாள். அவள் அதைப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வந்து, ஏதோ அடுத்த வீட்டு விஷயம் மாதிரி சொன்னாள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பைபாஸ் ரோட்டில் லாரி மோதிவிட்டது. போனது பைக்கில், வாங்கப் போனது ஒரு மிக்ஸி ஜார். வீட்டுக்கு வந்தது சேதி மட்டும்தான்.

அந்தக் காலத்தில் கல்யாண வீடியோவுக்குப் பாட்டுப் போட்டு, பனிமலை வைத்து, சிடியாக்கிக் கொடுக்க மாதக்கணக்காகும். அப்பா எல்லாம் முடித்து, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு அனந்தபுரம் போயிருக்கிறார். வீட்டு வாசலில் பந்தல். கல்யாணப் பந்தலை இன்னுமா பிரிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே வண்டியை நிறுத்தியிருக்கிறார். கூட்டத்தைப் பார்த்து இன்னொரு விசேஷம்போல என்றும், அதற்கும் நம்மைக் கூப்பிட்டிருக்கலாமே என்றும் நினைத்தாராம். நாற்காலியில் மாலை போட்டு ஒரு போட்டோ வைத்திருந்தார்கள். அப்பாவே எடுத்த போட்டோ. ஜோடிப் படத்திலிருந்து மாப்பிள்ளையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். ஓரத்தில் பெண்ணின் பட்டுப்புடவைத் தோள் கொஞ்சம் மிச்சமிருந்தது.

பையைத் திறக்காமலேயே அப்பா திரும்பி வந்துவிட்டார்.

போட்டோவின் பின்னால் இருந்த ஸ்டூடியோ முத்திரையைப் பார்த்து, சில மாதம் கழித்து அத்தை எங்கள் வீட்டைத் தேடி வந்தார். சிடியைக் கேட்டார். அப்பா போட்டுக் காட்டினார். மறுபடியும் வந்தார், மறுபடியும் காட்டினார். ஒருநாள் படம் முடிந்ததும், மயிலத்தில் அண்ணன் வீட்டில் அடைந்து கிடக்கிற தன் மருமகளை நீ கட்டிக்கொள்வாயா என்று அப்பாவிடம் நேராகக் கேட்டுவிட்டார். அப்பா வேண்டாம் என்று சொல்லாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அத்தை மயிலத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே அம்மாவின் அண்ணனோடு பெரிய சண்டை. செத்தவனின் தாயே வந்து கேட்கும்போது என்ன சொல்லி மறுப்பது என்று கடைசியில் அவர்கள் அடங்கிப் போனார்கள். மலைக்கோயிலில் நாலைந்து பேரோடு கல்யாணம். மாப்பிள்ளை கேமராவைத் தொடவில்லை.

அம்மா இவ்வளவையும் சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போடப் போனாள்.

அன்று என்னைக் கடைக்கு அனுப்பவில்லை. அப்பா சிடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் மட்டும் பூச்சு கொஞ்சம் மங்கியிருந்தது. பிளேயரில் போட்டதும் படம் வந்தது, நின்றது, முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்தன. அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா வெளியே எடுத்து மறுபடி துடைத்தார். வாயால் ஊதினார். பிறகு ஓடியது. நலங்கு வந்தது, தாலி கட்டு வந்தது. அத்தை அவற்றைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. பந்தி வந்ததும் நிமிர்ந்தார்.

வாழையிலைக்கு முன்னால் அந்த ஒல்லி மனிதரும் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார். நேராக எங்களைப் பார்ப்பதுபோல இருந்தது. கையில் எடுத்த சோற்றோடு ஏதோ சொல்கிறார். உதடு அசைகிறது. குரல் இல்லை, பாட்டுதான் ஓடுகிறது. மிக்ஸிங் செய்யும்போது அப்பா ஒரிஜினல் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டிருந்தார். கேமராவிலிருந்த அதே டேப்பில், அதை அழித்து அடுத்த முகூர்த்தத்தையும் எடுத்துவிட்டார். எல்லோரும் செய்வதுதான். அந்தக் குரல் அதோடு போயிற்று.

"இங்க இன்னா சொல்றான் தம்பி?"

"சாப்ட்டீங்களாண்ணான்னு கேக்குறாரும்மா."

"நீ இன்னா சொன்ன?"

"வேலைய முடிச்சிட்டு சாப்புடுறேன், நீங்க சாப்புடுங்கன்னு சொன்னேன்."

அத்தை தலையாட்டினார். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் இதே கேள்வியும் இதே பதிலும்தான் நடந்திருக்கின்றன என்று கேட்ட உடனே தெரிந்தது. இருவருக்கும் தடுமாற்றமே இல்லை. செத்துப்போன ஒருவர் என் அப்பாவிடம், சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். என் அப்பாவும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அன்றே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, புது சிடி ஒன்றில் போட்டார். இருப்பதிலேயே கெட்டியான டப்பாவைத் தேடி அதில் வைத்தார். அத்தை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டுவரை நானும் அப்பாவும் போனோம். எனக்கு அவருக்கு ஏதாவது செய்யவேண்டும்போல் இருந்தது. அப்பாவைக் கேட்காமலேயே புது டப்பாவை எடுத்து வந்திருந்தேன். செஞ்சி பஸ் வந்து நின்றதும் அதை அவர் கையில் வைத்தேன். இனிமேல் இவ்வளவு தூரம் வரவேண்டாம், வீட்டிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

அவர் டப்பாவைத் திருப்பி என் கையிலேயே வைத்து விரல்களை மூடினார்.

"எங்க ஊட்ல வாணாம்டி. அங்க இருந்தா நான் கொல்லிக்கே போவ மாட்டேன். அதப் பாத்துக்கினே குந்திக்கினு இருப்பேன்."

பஸ் கிளம்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளிடம் மழையைப் பற்றிச் சத்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். குரல் பழையபடி தெருவுக்கே கேட்டது.

எனக்குப் பெரிய ஆச்சரியம். பார்க்கப் பிடித்ததை நாளெல்லாம் பார்க்கலாம் என்றால் யாராவது வேண்டாம் என்பார்களா? வீடு வரும்வரை யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அத்தை வீட்டு டிவி ரிப்பேராகியிருக்கும், அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டார் என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"இருக்கும் பாப்பா" என்றார்.